பள்ளிக்குள் நுழையும் முன் ஒருமுறை கூடிப் பேசுங்கள்

சிறார் உணவுப் பழக்கம், உடற்பருமன் பற்றித் தமிழ்நாட்டில் ஆய்வு நடத்தும் முதன்மை ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் சென்னையில் வேலை பார்க்கும் ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். நீங்கள் எழுதும் புரோட்டோகாலை, அதாவது ஆய்வைப் படிப்படியாக எப்படி நடத்துவது என்ற செயல்திட்டத்தை, வகுப்பறைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்குவது, தலைமையாசிரியரிடம் தேதி கேட்பது, ஒப்புதல் படிவங்களைச் சரிபார்த்து அடுக்குவது, எடைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, பெற்றோரிடம் போனில் பேசுவது, கடைசியில் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக்கி உங்கள் கையில் தருவது. இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வருவது ஒன்றுதான். ஒரே ஊரில், ஒரே வயதுக் குழந்தைகளிடம், ஏறக்குறைய ஒரே கேள்வியோடு, ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாகப் போய் நிற்பதை நிறுத்துங்கள். எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்பதைப் பள்ளிக்குள் நுழையும் முன் கூடி உட்கார்ந்து பொதுவாக முடிவு செய்யுங்கள்.

இது அவசரம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய கணக்கின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம், 2022இல் 1.25 கோடி. சரி, இதை நாம் ஊர் ஊராக எப்படிக் கண்காணிக்கிறோம்? தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அளக்கிறது. அப்புறம் நேராக 15 வயதுக்குத் தாவிவிடுகிறது. இடையில் இருக்கும் பள்ளிப் பருவம் முழுவதும் அதில் இல்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு. ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அதில் அளந்தார்கள். 5 முதல் 9 வயதுக்காரர்களில் 23 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 4 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில் பள்ளி வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை தெரிந்தது. இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மெலிந்த குழந்தையும் பருமனான குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே தெரியும் பருமனைவிட உள்ளே ரத்தத்தில் தெரியும் மாற்றம் பரவலாக இருக்கிறது.

அப்படிப்பட்ட பெரிய ஆய்வு அடிக்கடி நடப்பதில்லை. நடுவில் இருக்கும் ஆண்டுகளில் நம்மிடம் இருப்பதெல்லாம் நீங்கள் நடத்தும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். முதுநிலை மாணவரின் ஆய்வேடு, ஒரு கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை செய்யும் ஆய்வு, ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்து இரண்டு ஆண்டு நடக்கும் ஆய்வு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் பத்தாண்டில் எப்படி மாறினார்கள் என்று சொல்ல முடிய வேண்டும். இன்றைக்கு முடியாது. ஒன்றோடு ஒன்று ஒட்டாதபடிதான் அவை செய்யப்பட்டிருக்கின்றன.

எல்லைக்கோட்டிலேயே சிக்கல் தொடங்குகிறது. எந்த பிஎம்ஐக்கு (எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் எண்) மேல் போனால் குழந்தைக்கு அதிக எடை என்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐஓடிஎஃப் என்று நாம் சொல்லும் சர்வதேச உடற்பருமன் பணிக்குழுவின் அட்டவணை 2000இல் வந்தது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களின் தரவில் இருந்து, பெரியவர்களின் அதிக எடைக்கும் உடற்பருமனுக்கும் உள்ள கோடுகளான 25, 30 என்ற எண்களை 18 வயதில் தொடும்படி அதை வரைந்தார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட அட்டவணையில் அந்த எண்கள் 23, 27. இவற்றுக்கு இடையில் நிற்கும் குழந்தை ஒரு ஆய்வில் அதிக எடைக்காரர், அடுத்த ஆய்வில் சராசரி. ஒரே பள்ளியை இரண்டு குழு வெவ்வேறு கோட்டால் அளந்துவிட்டு, மூன்று ஆண்டில் பருமன் ஏறிவிட்டது என்றோ இறங்கிவிட்டது என்றோ எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது.

நம்மவர்களுக்குத் தாழ்ந்த கோடு தேவை என்பதற்கு அடிப்படை இருக்கிறது. புனேயின் மருத்துவ ஆய்வாளர் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவ ஆய்வாளர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் 2004இல் லான்செட்டில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோதும் எடை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் இருந்ததை யாஜ்னிக் காட்டினார். அதனால் இந்தியக் கோட்டைப் பயன்படுத்துபவர்களை நான் குறை சொல்லவில்லை. உலகக் கோட்டைப் பயன்படுத்துபவர்களையும் சொல்லவில்லை. மூன்று கோட்டிலும் கணக்கிட்டு வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உயரம், எடை, ஆணா பெண்ணா என்பது, பிறந்த தேதி, அளந்த தேதி ஐந்தும் கையில் இருந்தால் கணினிக்கு இது நொடி வேலை.

பிறந்த தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கைக்கு வயது சரியாக வர வேண்டும் என்று சில மாதங்களைக் கூட்டியோ குறைத்தோ எழுதிய குழந்தைகள் இன்னமும் இருக்கிறார்கள். மாதக் கணக்கில் வயது பார்க்கும் அட்டவணையில் அந்தச் சில மாதம் பெரிய விஷயம். பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஆகும். அந்த நாளுக்குத் திட்டத்தில் இடம் வேண்டும்.

அளப்பதிலும் இப்படித்தான். நம் பள்ளி வராண்டாக்கள் மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று முற்றத்தை நோக்கிச் சரிவாகக் கட்டப்பட்டவை. எடைக் கருவியை அங்கே வைத்தால் எண் தப்பாகத்தான் வரும். ஒரு ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கருவியைக் கீழே வைக்கக் கூடாது. உச்சியில் தூக்கிப் போட்ட கொண்டையையும் கிளிப்பையும் எடுக்கச் சொல்லாமல் உயரம் பார்த்தால் பெண் குழந்தை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். ஷூ, பெல்ட், அடையாள அட்டை, பாக்கெட்டில் இருக்கும் காம்பஸ் பெட்டி எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். தலையை மூடியிருக்கும் மாணவிகளை அளக்க ஒரு பெண் பணியாளரும் கதவு சாத்திய அறையும் இருக்க வேண்டும். சத்துணவுக்கு முன்னாலா பின்னாலா என்பதைப் படிவத்தில் எழுத வேண்டும். ஜூனில் அளந்த குழந்தைகளையும் மார்ச்சில் அளந்த குழந்தைகளையும் ஒப்பிடக் கூடாது. விடுமுறை மாதங்களில் குழந்தைகளின் எடை வேகமாக ஏறுவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாத்தா வீட்டில் மே மாதம் கழித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் மட்டும் வேறு மாதிரி இருப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

ஐரோப்பாவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2007–08இல் 13 நாடுகளோடு ஒரு கண்காணிப்பைத் தொடங்கியது. கோசி என்று பெயர். ஆறிலிருந்து ஒன்பது வயது, பொதுவான புரோட்டோகால், ஒரே மாதிரி பயிற்சி, சில ஆண்டுக்கு ஒரு சுற்று. மொழியும் சாப்பாடும் பள்ளி முறையும் வேறு வேறாக உள்ள நாடுகள் இன்று ஒரே அட்டவணையில் தங்கள் குழந்தைகளைப் பார்க்க முடிகிறது. ஒரே மொழி, ஒரே பாடத்திட்டம், ஒரே சத்துணவு உள்ள நமக்கு இது முடியாத காரியமா?

எடையும் உயரமுமாவது அளக்கக்கூடியவை. உணவுப் பழக்கத்தைத்தான் நாம் ரொம்பவும் அலட்சியமாகக் கேட்கிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜேன் வார்டிலும் அவருடைய குழுவினரும் 2001இல் உருவாக்கிய வினாத்தொகுப்பை உங்களில் பலர் பயன்படுத்துகிறீர்கள். மொத்தம் 35 கேள்விகள், எட்டுப் பிரிவுகள். குழந்தைக்குச் சாப்பாட்டில் எவ்வளவு ஆர்வம், வயிறு நிறைந்ததை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது, எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறது, கோபத்திலும் வருத்தத்திலும் அதிகமாகச் சாப்பிடுகிறதா, குறைவாகவா என்றெல்லாம் கேட்கும். நல்ல கருவி. ஆனால் தன் தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடும் குழந்தையை மனதில் வைத்துச் செய்த கருவி. நம் வீடுகளில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் பாட்டி ஊட்டிவிடுகிறார். டிவியையோ போனையோ காட்டி, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று தட்டு காலியாகும்வரை ஊட்டுகிறார். அந்தக் குழந்தை மெதுவாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டால் அம்மா எதைச் சொல்வார்? குழந்தை மெல்லும் வேகத்தையா, பாட்டியின் கை போகும் வேகத்தையா? வயிறு நிறைந்ததை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விதான் இங்கே முக்கியம். அந்தக் கேள்வி நம் படிவத்தில் இல்லவே இல்லை.

பதில் சொல்வது யார் என்பதையும் கவனியுங்கள். படிவம் 'தாய்' என்று கேட்கும். தாய் காலையில் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். சாயங்காலம் பள்ளி விட்டதும் குழந்தையைக் கூட்டி வருவது தாத்தா. வழியில் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கித் தருவதும் அவர்தான். டியூஷனுக்கு முன்னால் பேக்கரியில் ஒரு பஃப்ஸ், டியூஷன் முடிந்ததும் நண்பர்களோடு பானிபூரி. நேற்று முழுநாள் என்ன சாப்பிட்டான் என்று இரவு அம்மாவிடம் போனில் கேட்டால் இட்லி, சாதம், சாம்பார், தோசை என்றுதான் பதில் வரும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததை அவர் சொல்கிறார். காலையிலும் இரவிலும் பாலில் கலக்கும் சாக்லேட் மாவையும் அதோடு போடும் சர்க்கரையையும் அவர் உணவாகவே நினைப்பதில்லை. ஊட்டம் என்று நினைக்கிறார். நாம் தனியாகக் கேட்டால்தான் அது வெளியே வரும்.

இன்னொன்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்துவிட்டது. நாங்கள் கொண்டுபோகும் சில படிவங்களில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. 'குழந்தை காலை உணவைத் தவிர்க்கிறதா?' என்று கேட்டால், வீட்டில் சாப்பிடாமல் போகிறான் என்பதால் அம்மா 'ஆம்' என்று டிக் செய்கிறார். பள்ளியில் சூடாக உப்புமாவோ கிச்சடியோ சாப்பிடும் பிள்ளை, உங்கள் தரவில் வெறும் வயிற்றோடு படிக்கும் பிள்ளையாகிவிடுகிறான். வீட்டில் ஒருமுறை, பள்ளியில் ஒருமுறை என்று இருமுறை சாப்பிடும் பிள்ளையும் அதே கட்டத்தில் காணாமல் போகிறான். 1956இல் காமராஜர் காலத்திலும் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் பள்ளிச் சாப்பாட்டைப் பெரிதாக விரித்த மாநிலம் இது. பள்ளியில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்காத உணவு வினாத்தொகுப்பு இங்கே எதற்கும் உதவாது.

அளவு கேட்பதிலும் ஒவ்வொருவரும் ஒரு வழி. ஒருவர் கப் என்று கேட்கிறார், ஒருவர் கிராம், ஒருவர் கரண்டி. கரண்டியில் எத்தனை வகை என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுகளுக்கு இந்திய உணவுச் சத்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் எந்தக் கரண்டி, எந்த டம்ளர் என்று நாம் எல்லாரும் ஒன்றாக முடிவெடுத்திருக்க வேண்டும். புரட்டாசியில் எடுத்த உணவுக் கணக்கையும் தையில் எடுத்ததையும் ஒரே கூடையில் போடாமல் இருக்க மாதத்தைக் குறிக்க வேண்டும். இதெல்லாம் பெரிய செலவு இல்லை. ஐந்தாறு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும்.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். எடை பார்க்கும் அன்று அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று உங்களில் பலர் நேரில் பார்ப்பதில்லை. ஹாலில் வகுப்பே வரிசையில் நிற்கும். ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். வரிசையில் நிற்கும் நாற்பது பேர் காதிலும் அந்த எண் விழும். ஒரு சிரிப்பு எழும். மதியத்துக்குள் அந்த எண்ணே அந்தப் பிள்ளைக்குப் பெயராகிவிடும். சில ஆய்வுகளில் இன்னும் மோசம்: பருமனாக உள்ளவர்களை மட்டும் வகுப்பிலிருந்து வெளியே கூப்பிடுகிறார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். உணவுப் பழக்கத்தை ஆராயப் போன நாம், ஒரு குழந்தை ஒளிந்து சாப்பிடத் தொடங்கவும் காரணமாகிவிடலாம்.

இது வெறும் என் கவலை இல்லை. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பள்ளியில் எடை பார்த்து, பிஎம்ஐயைப் பெற்றோருக்குக் கடிதமாக அனுப்பியதால் குழந்தைகளின் எடை மாறவில்லை. எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்திதான் கூடியிருந்தது. எடை பார்க்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. தனி அறையில், ஒரு நேரத்தில் ஒரு குழந்தை. எண் வரும் திரை குழந்தைக்குத் தெரியாதபடி திரும்பி இருக்கட்டும். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது. எந்த ஆய்வாக இருந்தாலும் வகுப்பில் ஒப்புதல் தந்த எல்லாக் குழந்தைகளையும் அளக்க வேண்டும். பகுப்பாய்வுக்கு யாரை எடுப்பது என்பதை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நேரம் இரட்டிப்பாகும் என்று எனக்குத் தெரியும். நான்தான் அங்கே நிற்கப் போகிறேன். இரட்டிப்பாகட்டும்.

நெறிமுறைக் குழுவினருக்கு இங்கே ஒரு வேண்டுகோள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல், ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்து இசைவும் வாங்கச் சொல்கிறது. கோப்பில் அது இருக்கும். நடப்பில், தலைமையாசிரியர் சரி என்றால் எல்லாரும் சரி என்றாகிவிடுகிறது. நாளைக்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொல்லப்படும்போது அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆறு பக்கத்துக்கு யாரும் பேசாத தமிழில் அச்சடித்த படிவத்தின் அடியில் ஓர் அப்பா இரவு பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டால் அவர் எதற்கு ஒப்புக்கொண்டார்? ஒரு பக்கத்தில் எழுதுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக அதையே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்ப அனுமதி கொடுங்கள். எடைக் கருவிமேல் ஏற மாட்டேன் என்று தலையாட்டும் குழந்தையை அப்படியே வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும், யாரும் காரணம் கேட்கக் கூடாது என்று புரோட்டோகாலிலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் களத்தில் எங்களுக்கு எவ்வளவு பலம் என்று சொல்லி முடியாது.

பிள்ளையை எடை பார்த்தால் கண்ணு பட்டுடும் என்று சொல்லும் பாட்டிகளை நாங்கள் நிறையச் சந்திக்கிறோம். அவர்களை ஆய்வுக்குத் தடை என்று நினைப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கொழுகொழு என்று இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர் தன் காலத்தில் பசியைப் பார்த்தவர். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால், குழந்தை என்ன சாப்பிடுகிறது, எப்போது அடம் பிடிக்கிறது, எதைக் கொடுத்தால் அடங்குகிறது என்று அவரைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சுக்கு நம் படிவத்தில் இடமும் இல்லை, நம் கால அட்டவணையில் நேரமும் இல்லை.

அளந்த பிறகு என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. குழு போய்விடும், கட்டுரை வரும், பள்ளிக்கு ஒரு பிரதிகூட வராது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு போய்க் கதவைத் தட்டும்போது, போன வருஷம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தலைமையாசிரியர் கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இருக்காது. மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளில் இந்தச் சலிப்பு வெளிப்படையாகவே தெரியும். ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியகிரம் (ஆர்.பி.எஸ்.கே.) என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டக் குழுவினர் வேறு தனியாக வந்து அதே குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அவர்கள் எடுத்ததை நாம் பார்ப்பதில்லை, நாம் எடுத்தது அவர்களுக்குப் போவதில்லை.

ஒவ்வொரு குழந்தையின் முடிவும் ஒட்டிய உறையில் பெற்றோர் கைக்கு மட்டும் போக வேண்டும். அதில் எண் மட்டும் இருந்தால் போதாது. யாரைப் பார்ப்பது, எந்த நாளில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்று இருக்க வேண்டும். அறிவுரை எழுதும்போது கவனம் வேண்டும். அமெரிக்காவில் லீன் பர்ச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990களின் இறுதியிலேயே காட்டியிருக்கிறார்கள்: பிடித்த தின்பண்டத்தைக் கண்ணில் காட்டிவிட்டுத் தடுத்தால் குழந்தைக்கு அதன்மேல் ஆசை கூடுகிறது. 'நொறுக்குத் தீனியைத் தவிருங்கள்' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் வீட்டில் டப்பாவுக்குப் பூட்டுதான் வரும். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. வாசலில் கடை அப்படியே இருக்க, பிள்ளையிடமும் அம்மாவிடமும் மட்டும் கட்டுப்பாட்டைக் கேட்பது நியாயமில்லை. வாசலில் என்ன விற்கிறார்கள் என்பதையும் ஆய்வில் ஓர் அளவாகச் சேருங்கள்.

பொறுமையாகத் தொடர்ந்து பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1969இல் தெற்கு டெல்லியில் தொடங்கி, பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பிறகு சீக்கிரமே எடை ஏறத் தொடங்கியவர்கள். ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடற்பருமன் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை. ஒரு நாள் போய் ஒருமுறை அளந்துவிட்டு வந்திருந்தால் அவர்கள் எல்லாரையும் நலமாக இருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்போம். மைசூரில் 1997–98இல் பிறந்த குழந்தைகளையும் இப்படித்தான் தொடர்ந்து பார்த்து வந்தார்கள்.

நம் ஆய்வுகள் பெரும்பாலும் ஒருமுறை பார்க்கும் ஆய்வுகள். காரணம் புரிகிறது. மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பில் தலைப்பு, அனுமதி, தரவு, ஆய்வேடு எல்லாம் முடிய வேண்டும். ஒரு மாணவரால் ஒரு பள்ளி, இரண்டு பள்ளிக்கு மேல் போக முடியாது. ஆனால் பல கல்லூரிகளின் மாணவர்கள் ஒரே பொதுப் புரோட்டோகாலில் அளந்தால்? இந்த ஆண்டு வருபவர் மூன்றாம் வகுப்பை அளக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து வருபவர் அதே பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில் அளக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தூக்கம், திரை நேரம், தின்பண்டம், பாட்டி ஊட்டுவது என்று சொந்தமாக ஒரு கேள்வி இருக்கலாம். அடிப்படை அளவுகள் பொதுவாக இருந்தால் போதும், பத்தாண்டில் அது பெரிய தொடராய்வாகிவிடும். கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மனது வைத்தால் இதைத் தொடங்கலாம். குழந்தைகளின் பெயர் விவரங்களை யார் வைத்திருப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதையும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்துத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் ஆட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். வாடகை வீடு மாறும் குடும்பத்தை, ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போன பிள்ளையைக் கண்டுபிடிப்பது களப் பணியாளரின் போன் எண்ணும் முகப் பழக்கமும்தான். நிதி முடிந்த அன்று ஒப்பந்தமும் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போனால், அவரை நம்பிக் கதவு திறந்த குடும்பங்களும் போய்விடுகின்றன. நிதிக் கோரிக்கை எழுதும்போது கருவிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒதுக்குவதோடு, பயிற்சிக்கு, இரண்டாம் முறை அளப்பதற்கு, முடிவுகளைத் திருப்பித் தருவதற்கு, இரண்டு திட்டங்களுக்கு நடுவில் பணியாளர்களை வைத்திருப்பதற்குத் தனித்தனியாக வரி போடுங்கள். நெறிமுறைக் குழு அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கட்டும்.

பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. புதிய ஆய்வுகளுக்கான விண்ணப்பங்கள் அதற்கு முன்பே உங்கள் குழுக்களுக்கு வரும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் குழந்தைகளை அளக்கப் போகிறவர்கள் மட்டும் கூடினாலும் போதும், தொடங்கிவிடலாம். முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், ஆர்.பி.எஸ்.கே. குழுவிலிருந்து ஒரு மருத்துவர், சத்துணவு அமைப்பாளர் ஒருவர், பெற்றோர் இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருக்கட்டும். எந்தப் பள்ளிக்கு எந்த மாதம் யார் போவது என்று ஒரு நாட்காட்டி போடலாம். நாங்கள் களத்தில் திருத்தித் திருத்தி வைத்திருக்கும் தமிழ்ப் படிவங்கள், கரண்டி–டம்ளர் அளவுப் படங்கள், குழந்தைகளிடம் இசைவு கேட்கப் பயன்படுத்தும் பட அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு வருகிறோம். என்னைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்களையும் களப் பணியாளர்களையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்,
சென்னை